ஹைக்கூவில் ஒரு கல்யாணப் பத்திரிகை

2023 நவம்பர். தீபாவளிக் கூட்டம் வடிந்து சிராங்கூன் சாலையில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருந்த ஒரு சனிக்கிழமை. டன்லப் ஸ்திரீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அப்பாவின் கடைக்கு ஓர் அம்மா வந்தார். கையில் தேக்காவில் வாங்கிய முருங்கைக்கீரைக் கட்டு.

“அண்ணே, 99ல எங்க கல்யாணப் பத்திரிகை நீங்கதான் அடிச்சுக் கொடுத்தீங்க. அடுத்த ஆவணி வந்தா 25 வருசம். அதே வாசகத்தோட இன்னொரு தடவை அடிக்கணும். வீடு மாறினப்போ எங்ககிட்ட இருந்த பிரதியெல்லாம் போயிருச்சு.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது. கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு, கோயில் திருவிழாத் துண்டறிக்கை என்று 1998 முதல் கணினியில் தட்டிய எதையும் அவர் அழித்ததில்லை. நெகிழ்வட்டிலிருந்து குறுந்தட்டு, குறுந்தட்டிலிருந்து விரல்நினைவகம் என்று இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறார். நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். இரண்டு நிமிடத்தில் அந்தக் கோப்பைக் கண்டுபிடித்துத் திறந்தார்.

திரையில் வந்தது தமிழ் இல்லை. தலையில் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பவுண்டுக் குறி, பின்னக் குறிகள், நடுநடுவே ஆச்சரியக்குறிகள். அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நான் தட்டினதுதான். எனக்கே படிக்க முடியலையே” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அந்த அம்மா ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது, மெதுவாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று உலகம் முழுக்க ஒரே பட்டியலை ஒத்துக்கொள்வதற்கு முன்னால், தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்தார்கள். அந்த எழுத்துரு இருக்கும் வரை தமிழ் தெரியும். எழுத்துரு தொலைந்தால் அடியில் இருக்கும் ஐரோப்பிய எழுத்து எட்டிப் பார்க்கும். அப்படி வந்த பல கணக்குகளில் ஒன்று திஸ்கி. அந்தக் கணக்கில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லை எழுத்துரு இல்லாமல் திறந்தால், முதல் எழுத்தே முக்கால் என்ற பின்னக் குறியாக நிற்கும்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த முதலில் உட்கார்ந்து பேசிய ஊர்களில் நம் ஊரும் ஒன்று என்பது இப்போது பலருக்குத் தெரியாது. 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய பக்கத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். அதில் தமிழைத் தமிழ் எழுத்தாகவே வலையேற்றியவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அவர் உருவாக்கியது ‘கணியன்’. 1997 மே மாதம் உலகெங்குமிருந்து தமிழ்க் கணினிக்காரர்கள் இங்கே கூடிய முதல் தமிழிணைய மாநாட்டுக்கும் அவர் முக்கியக் காரணம். 1999 மே மாதம் காலமாகிவிட்டார். அப்பாவுக்கு அவரோடு பழக்கமில்லை, பெயர் தெரியும். “அவுங்கல்லாம் கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டு இருந்தப்போ நான் இங்க ஒரு நாளைக்கு 3 பத்திரிகை அடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்பார்.

அப்பாவின் கோப்புகளில் மூன்று வகைக் கணக்குகள் இருந்தன. பிந்தைய இரண்டுக்கும் மாற்றிகள் ஏற்கெனவே கிடைக்கின்றன. 1998 முதல் 2001 வரை அவர் பயன்படுத்திய முதல் எழுத்துருதான் வம்பு. அதை யார் செய்தார்கள் என்றே தெரியவில்லை. அது இருந்த நெகிழ்வட்டும் இல்லை, அதை ஏற்றிய கணினியும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அந்த வகையைச் சேர்ந்தது.

பார்க்கலாம் அப்பா என்றேன். மகன் கணினித் துறையில் இருக்கிறான் என்றால் அப்பாக்களுக்கு அதுவே உத்தரவாதம்.

2024 ஜனவரியில் எனக்கு வேலை போனது. ஆட்குறைப்பு. பதினைந்து நிமிடக் காணொளி அழைப்பு, அதன் பிறகு கடவுச்சொல் வேலை செய்யவில்லை. பதினோரு ஆண்டுகள் நிரல் எழுதியவன், ஒரு மத்தியானத்தில் எழுதியது எதையும் திறக்க முடியாதவனாகிவிட்டேன். அப்பாவின் முகம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் அதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் உட்கார்ந்தால் வீவக சுவர் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போவேன். பத்து வேலைகளுக்கு விண்ணப்பம் போடுவேன். பிறகு அப்பாவின் கோப்புகளை எடுத்துக்கொள்வேன். அந்தத் தெரியாத எழுத்துருவுக்கு ஒரு மாற்றியை ‘கோ’ என்ற நிரல்மொழியில் எழுதினேன். வேலையில் எழுதிப் பழகிய மொழி அதுதான். நம் மொழியில் கோ என்றால் அரசன். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மாற்றி பாதிதான் வேலை செய்தது. எந்த எண் எந்த எழுத்து என்று ஊகிக்க வேண்டும். அடிக்கடி வரும் எண்கள் புள்ளி வைத்த எழுத்துகளாக இருக்கும், ‘திருவளர்ச்செல்வன்’ எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும் என்கிற மாதிரி கயிறுகளைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தேன். அரிதாக வரும் எழுத்துகளுக்கு அந்தக் கயிறும் இல்லை. அதற்கு அப்பாவின் ஞாபகம் வேண்டும். அதாவது நிரல் அவர் கைக்குக் கிட்டே, கடையில், அவருடைய கணினியில் ஓட வேண்டும்.

அவருடைய கணினி 2011இல் வாங்கிய மடிக்கணினி. நினைவகம் 2 கிகாபைட். விண்டோஸ் அதில் எழுந்து உட்கார்வதற்குள் அப்பா காப்பிக்கடைக்குப் போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வந்துவிடுவார். அதனால் சில ஆண்டுகளுக்கு முன்பு, விளையாட்டாகத்தான், அதில் ‘ஹைக்கூ’ என்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1990களில் பி என்ற அமெரிக்க நிறுவனம் பிஓஎஸ் என்று ஓர் அழகான இயங்குதளத்தைச் செய்தது. 2001இல் நிறுவனம் விலைபோனது. அதை நேசித்த சிலர் அதே ஆண்டு, அது போலவே ஒன்றை முதலிலிருந்து நாமே எழுதிக்கொள்வோம் என்று உட்கார்ந்தார்கள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பிஓஎஸ்ஸின் இணைய உலாவி, பக்கம் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியை ஹைக்கூ கவிதையாகச் சொல்லுமாம். அந்த நினைவில்தான் பெயர். ஜன்னல்களின் தலையில் சின்ன மஞ்சள் பட்டை இருக்கும். பழைய கணினியிலும் சில நொடிகளில் விழித்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு அது பிடித்துப்போனதற்கு வேறு காரணம். அதில் ஒவ்வொரு கோப்பின் மேலும் நாமே சீட்டு ஒட்டலாம். மணமகன், மணமகள், தேதி, மண்டபம் என்று சீட்டுகளை ஒட்டிவிட்டால், கோப்புறையைத் திறந்ததும் அவை கட்டம் கட்டமாகத் தெரியும், தேடவும் முடியும். தனியாகத் தரவுத்தளம் எதுவும் வேண்டாம், கோப்பு முறைமைக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கடைக்குப் பேரேடு எழுதியவருக்கு இது போதாதா?

ஒரே சிக்கல், அதிகாரபூர்வக் கோ மொழி ஆதரிக்கும் இயங்குதளங்களின் பட்டியலில் ஹைக்கூ இல்லை.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். “பைத்தான் அதுல ஓடும்தானே? ஒரு சனி ஞாயிறு உக்காந்து பைத்தான்ல எழுதிட்டா என்னங்க?”

ஓடும்தான். எழுதியிருக்கலாம்தான். பைத்தானில் தமிழுக்கென்றே ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம்கூட இருக்கிறது. அதோடு சம்பந்தப்பட்ட முத்து அண்ணாமலை, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் ‘எழில்’ மொழியையும் பைத்தானின் மேல்தான் கட்டினார். நான் அவளுக்கு வேகம், பழக்கம் என்று ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மை என்னவென்றால், பத்து விண்ணப்பத்துக்குப் பதிலே வராத நாள்களில், முடியும் முடியாது என்று திட்டவட்டமாகப் பதில் சொல்லும் ஒரு வேலை எனக்கு வேண்டியிருந்தது. ஒரு மொழியை அது இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்படிப்பட்ட வேலை.

நான் முதல் ஆள் இல்லை. எனக்கு முன்னால் சிலர் முயன்று, தங்கள் திருத்தங்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருந்தார்கள். அவற்றைப் படித்துப் படித்துத்தான் தொடங்கினேன்.

முதல் கேள்வி கோழியா முட்டையா என்பது. கோ மொழியின் தொகுப்பி, 2015க்குப் பிறகு, கோ மொழியிலேயே எழுதப்பட்டது. அதாவது கோவைத் தொகுக்க ஏற்கெனவே ஒரு கோ வேண்டும். தயிர் தோய்க்க உறைமோர் வேண்டும் என்பது மாதிரி. ஹைக்கூ வீட்டில் ஒரு சொட்டு உறைமோர் கிடையாது. ஆகவே பக்கத்து வீட்டில், அதாவது லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியில், ஹைக்கூவுக்கான தொகுப்பியைத் தோய்த்து எடுத்து, கிண்ணத்தோடு இங்கே கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு இந்த வீட்டுத் தயிர் இந்த வீட்டிலேயே தோயும்.

கிண்ணத்தைக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. ஒரு மொழி என்பது தொகுப்பி மட்டுமில்லை. கோப்பைத் திறக்க, நேரம் பார்க்க, வலையில் பேச, ஒரே சமயத்தில் பல வேலை செய்ய என்று அதன் அடிப்படை நிரலகங்கள் கூடவே வர வேண்டும். அவை ஒவ்வொன்றும் கீழே இருக்கும் இயங்குதளத்தை நம்பி இருப்பவை. லினக்ஸில் கோ நேரே கருவகத்திடம் போய், இத்தனையாம் எண் வேலையைச் செய் என்று கேட்கும். பழகிய சாப்பாட்டுக்கடையில் நேரே அடுப்படிக்கே போய்க் கேட்கிற உரிமை. ஹைக்கூவில் அந்த எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். அதனால் முன்னால் இருக்கும் முகப்பில் முறையாகக் கேட்க வேண்டும். வீவக கிளையில் எண் சீட்டு எடுத்துக் காத்திருப்பது மாதிரி. அந்த முகப்பு லிப்ரூட் என்ற நிரலகம். மற்ற இடங்களில் தனித்தனியாக இருக்கும் கணித நிரலகமும் இழை நிரலகமும் இங்கே அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் வலைத்தொடர்பு மட்டும் வேறு முகப்பு. இது தெரியாமல் ஒரு முழு நாளை வீணாக்கினேன்.

கோ மொழிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வேலைகளை ஒரே சமயத்தில் ஓட விடுவார்கள். வலையில் எந்த வேலைக்குப் பதில் வந்திருக்கிறது என்று பார்த்து எழுப்பிவிட லினக்ஸில் ஒரு வசதி, பிஎஸ்டி வகைகளில் வேறு வசதி. நான் வைத்திருந்த ஹைக்கூவில் அந்த இரண்டும் இல்லை. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்துக்குக் கோவைக் கொண்டுபோனவர்கள், வரிசையாக ஒவ்வொருவரையும் தட்டிக் கேட்கும் பழைய முறையைக் கையாண்டிருந்தார்கள். அவர்கள் வழியிலேயே போனேன். வேகம் குறைவு. கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும்.

இந்த வேலைக்கு நடுவில்தான் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். இன்று நீங்கள் புலனத்தில் அனுப்பும் தமிழ் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற முறையில்தான் எண்ணாகிறது. அந்த முறையில் ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, யுனிகோடுக்கு ஐந்து குறி, கணினிக்குப் பதினைந்து பைட். இதைக் கண்டுபிடித்தது 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஒரு சிற்றுண்டிச்சாலையில். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் கென் தாம்சன் வரைந்தார், ராப் பைக் கூட இருந்தார். அவர்கள் அதை எதற்காகச் செய்தார்கள் தெரியுமா? பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த பிளான் 9 என்ற இயங்குதளத்துக்காக. சில நாள்களில் அந்த இயங்குதளத்தையே அந்த முறைக்கு மாற்றிவிட்டார்கள். பிளான் 9ஐ உலகில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் பயன்படுத்தினார்கள். பல ஆண்டு கழித்து, 2007இல், ராபர்ட் கிரீசெமரைச் சேர்த்துக்கொண்டு அதே இருவர் கூகலில் தொடங்கியதுதான் கோ.

யாரும் பயன்படுத்தாத இயங்குதளத்துக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்ட நண்பனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் அசரவில்லை. “அவங்களுக்குச் சம்பளம் வந்துச்சுடா” என்றான்.

மார்ச் கடைசியில் கோ முதல் முறையாக ஹைக்கூவில் எழுந்து வணக்கம் சொன்னது. மாற்றியை ஏற்றினேன். ஓடியது, ஒரே ஒரு கோப்பைத் தொட்டது, நின்றுவிட்டது. பிழை எண் 2147508227 என்றது.

இந்த எண்ணோடு நான் நான்கு நாள் குடித்தனம் நடத்தினேன். என் நிரல் செய்தது மிக எளிய வேலை. புதிய கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் உருவாக்கு. ‘இல்லை’ என்பதை லினக்ஸ் 2 என்ற எண்ணால் சொல்லும். ஹைக்கூவில் ‘இல்லை’ என்பதற்கு என்ன எண் என்று தேடினால் -2147459069 என்று இருந்தது. கழித்தல் குறியோடு. அங்கே எல்லாப் பிழை எண்ணுமே கழித்தல் எண்தான். பிஓஎஸ் காலத்துப் பழக்கம். இரண்டுக்கும் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன். 4294967296. நிரல் எழுதுபவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டும், இரண்டின் 32ஆம் அடுக்கு. 32 பிட் பெட்டியில் வந்த கழித்தல் எண்ணை 64 பிட் பெட்டிக்கு மாற்றும்போது நான் குறியைத் தொலைத்திருக்கிறேன். கடனை வரவில் எழுதிவிட்ட கணக்கப்பிள்ளையின் வேலை. ‘கோப்பு இல்லை’ என்று ஹைக்கூ தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறது. அதை யாருக்கும் புரியாத பெரிய எண்ணாக மாற்றியவன் நான். அதோடு, கோ தன் பிழைச் செய்திகளை 1, 2, 3 என்று வரிசைப் பட்டியலாக வைத்திருக்கும். கழித்தல் எண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அதையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கோவின் சோதனைத் தொகுதியை ஓட்டினேன். அடிப்படை நிரலகங்கள் ஒவ்வொன்றும் தேறுகிறதா என்று பார்க்கும் பரீட்சை அது. முதல் நாள் தேறியதைவிடத் தவறியது அதிகம். தினம் நாலு, தினம் ஐந்து என்று குறைந்தது. சிலவற்றை ஹைக்கூவுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். மே மாதம் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு, எல்லாச் சோதனைகளும் தேறின என்ற வரி வந்தது. மனைவியை எழுப்பிச் சொன்னேன். “நல்லது, படுங்க” என்றாள்.

மறுநாள் கடைக்குப் போய் அப்பாவின் மடிக்கணினியில் எல்லாவற்றையும் ஏற்றினேன். அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கோப்பை மாற்றிக் காட்டினேன். திரையில் தமிழ் வந்தது. வந்த தமிழைப் பார்த்து எனக்குக் கை சில்லிட்டது.

கொம்புகள் எல்லாம் இடம் மாறி நின்றன. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். இங்கே ககரத்துக்குப் பின்னால் நின்றது. ‘செல்வி’யில் சகரத்துக்கு அப்புறம் கொம்பு. யுனிகோடில் எழுத்துகளை உச்சரிக்கும் வரிசையில் சேமிக்க வேண்டும், முதலில் க, பிறகு கொம்பு. திரையில் வரையும்போது அதை முன்னால் தள்ளி வரைவது இயங்குதளத்தின் பொறுப்பு. நான் வைத்திருந்த ஹைக்கூவின் சொந்த ஜன்னல்களுக்கு அந்த வித்தை தெரியவில்லை. நான்கு மாதம் மொழியையும் நிரலகங்களையும் கட்டி இழுத்து வந்திருக்கிறேன், திரையில் தமிழ் சரியாக வருமா என்று ஒரு நிமிடம் சோதித்துப் பார்க்கவில்லை. வேலை கேட்டு வருகிறவனிடம் இப்படி ஒரு தவற்றைக் கண்டால் நானே அவனைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“அப்பா, இது சரியா வரலை. கோப்புல சரியா இருக்கு, காட்டுறதுலதான்...” என்று இழுத்தேன்.

அப்பா திரைக்குக் கிட்டே போய் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார். தடுமாற்றமே இல்லை. திருவளர்ச்செல்வி, சௌபாக்கியவதி, மண்டபம், முகூர்த்தம்.

“எப்படிப்பா படிக்கிறீங்க?”

“ஈய எழுத்துக் கோத்தவன்டா நான். கண்ணாடியில தெரியிற மாதிரி இடவலமா இருக்கும், அதையும் தலைகீழா வச்சுப் படிச்சவன். இதுல கொம்பு கொஞ்சம் தள்ளி நிக்குது, அவ்வளவுதானே.”

1970களில் அவர் அச்சுக்கோப்பவராக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். கையால் ஓர் எழுத்தை எடுத்து இன்னோர் எழுத்தின் பக்கத்தில் வைத்தவர் என்பதை அதற்கு முன்பு யோசித்ததில்லை.

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. தெரியாத எண் ஒன்று வந்தால் நிரல் நின்று அதைச் சுற்றியுள்ள சொற்களைக் காட்டும். தமிழ் எழுத்துகளுக்கெல்லாம் வரிசை எண் போட்டு ஓர் அட்டையை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். அப்பா யோசித்து, அட்டையைப் பார்த்து, எண்ணைத் தட்டுவார். நிரல் அடுத்த கோப்புக்குப் போகும். இரண்டு வாரத்தில் அட்டையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்று கைக்குத் தெரிந்திருந்த மாதிரி இதுவும் தெரிந்துபோயிருந்தது. ‘ஞௌ’ வரும் இடம் ஒன்றுகூட இல்லை என்று ஒருநாள் புகார் சொன்னார். பெயர்களைப் படிக்கும்போது இடையிடையே நின்றுவிடுவார். இவர் போய்விட்டார், இவர்கள் பிரிந்துவிட்டார்கள், இந்தப் பிள்ளை இப்போது டாக்டர். எங்கள் பேட்டையின் இருபது ஆண்டுகள் அந்த மஞ்சள் பட்டை ஜன்னலுக்குள் இருந்தன.

ஜூனில் எனக்கு ஓர் ஒப்பந்த வேலை கிடைத்தது. நேர்காணலில் ஹைக்கூ விஷயத்தைச் சொன்னேன். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டார்கள். ஒருவர், ஆனால் தினமும் எட்டு மணி நேரம் என்றேன். அதனால்தான் வேலை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். சிரித்தார்கள் என்பது மட்டும் உண்மை.

ஜூலை முதல் வாரம் அந்த 1999 பத்திரிகை முழுசாக மாறி வந்தது. அதை லிப்ரே ஆபிஸில் திறந்தோம். அதில் கொம்புகள் அதனதன் இடத்தில் நின்றன. அப்பா இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது முகம் மாறியது.

“தம்பி, உன் புரோகிராம்ல தப்பு இருக்கு. ‘அழைப்பிதழ்’ல ஒரு ப் காணோம்.”

‘திருமண அழைபிதழ்’ என்று இருந்தது. தலைப்பிலேயே. நான் மூலக் கோப்பைத் திறந்து எண்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினேன். அ, ழை, ப, கொக்கி, த, ழ். நடுவில் ஒன்றும் விழவில்லை. 1999இல் தட்டும்போதே அது இல்லை.

“எத்தனை பிரதி அடிச்சீங்க?”

“முந்நூறு.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒருத்தரும் சொல்லலை பாரேன்.”

அந்த அம்மா கணவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வந்தார். அப்பா மாதிரிப் பிரதியை நீட்டுவதற்கு முன்பே பிழையைச் சொல்லி, இந்த முறை ‘ப்’ போட்டுத்தான் அடிப்பேன், காசு வேண்டாம் என்றார். அவர்கள் இரண்டு பேரும் தலைப்பைப் பார்த்தார்கள். கணவர், பழையபடியே இருக்கட்டும், எங்கள் பத்திரிகை அதுதானே என்றார். அப்பா முடியவே முடியாது என்றார். பத்து நிமிடம் பேரம் நடந்தது. கடைசியில் 100 பிரதி ‘ப்’ போட்டு, அவர்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு பிரதி ‘ப்’ இல்லாமல் என்று முடிவாகி, அப்பா மடிக்கணினியின் பக்கம் திரும்பி வேலையை ஆரம்பித்தார்.